சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கிறது?

சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டி "47 டாப்ஸ்" என்றார். செயற்கை நுண்ணறிவு வேலைக்கான வேக எண் அது. அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் சேரப்போகிறவள். மடிக்கணினி வாங்க மாமாவை இழுத்துக்கொண்டு வந்ததே இப்படிப்பட்ட எண்களுக்குப் பொருள் சொல்லத்தான்.

"அது எதுக்கு மாமா?"

"உனக்கு இப்போதைக்கு எதுக்கும் இல்ல."

கடைக்காரர் அடுத்த பெட்டிக்குப் போனார். அது 45. அதற்கடுத்தது 50. ஏலக்கடை மாதிரி எண்கள் பறந்தன. நான் கேட்க நினைத்த கேள்விக்கு எந்தப் பெட்டியிலும் பதில் அச்சடித்திருக்கவில்லை: இவள் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது எத்தனை வாட் குடிக்கும்?

எதையும் வாங்காமல் தேக்கா நிலையத்துக்கு நடந்தோம். அவளுக்கு ரோஜாக் வேண்டும், எனக்குத் தே தாரிக் வேண்டும். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் நான்கு புராசசர்களின் பெயர் எழுதினேன்: இன்டெல் கோர் அல்ட்ரா 7 258வி, குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலீட், ஏஎம்டி ரைசன் ஏஐ 7 350, ஆப்பிள் எம்4. நான்கும் மெல்லிய மடிக்கணினிகளில் வருபவை. நான்குமே 2024, 2025 ஆண்டுகளில் கடைக்கு வந்தவை. சந்தையில் இதைவிடப் புதியவை உண்டு. ஆனால் மாணவர் கைக்கு எட்டும் விலையில் இன்று அடுக்கிவைத்திருப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

ஒரு சொல் விஷயம். புராசசருக்குச் செயலி என்று நல்ல சொல் ஒன்று இருந்தது. கைப்பேசி ஆப் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் சில்லு என்றே எழுதுகிறேன்.

அம்மா சொல்லும் மின்னியல்

வேகமாகத் தட்டச்சு செய்கிறவருக்கும் ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே விநாடியில் பத்தில் ஒரு பங்காவது இருக்கும். 3 கிகாஹெர்ட்ஸில் துடிக்கும் சில்லுக்கு அது 30 கோடித் துடிப்பு. ஓர் எழுத்தைத் திரையில் போட அதில் துளிப் பங்கு போதும், மிச்சமெல்லாம் காத்திருப்பு. பக்கம் பக்கமாகப் படிக்கிறீர்கள், ஆசிரியர் பேசுவதைக் கேட்கிறீர்கள், யோசிக்கிறீர்கள் என்றால் காத்திருப்பு இன்னும் நீளம். மாணவர் கணினி தன் வாழ்நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது. ஆகவே ஒரு சில்லு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் போலவே, எவ்வளவு நன்றாகச் சும்மா இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டாவதைப் பற்றித்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சில்லு இரண்டு வழியில் செலவழிக்கிறது. முதலாவது வேலைச் செலவு. ஒவ்வொரு துடிப்பிலும் டிரான்சிஸ்டர்கள் என்ற குட்டிச் சுவிட்சுகள் மாறும்போது ஆவது. இது துடிப்பு வேகத்தோடு நேராக ஏறும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். 1.1 வோல்ட்டில் ஓடும் கோரை (சில்லுக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதி) 0.8 வோல்ட்டுக்கு இறக்கினால் செலவு ஏறக்குறையப் பாதி. அழுத்தம் குறைந்தால் வேகமும் குறைந்தாகவேண்டும் என்பதால், வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தோம் என்று வையுங்கள். மிஞ்சுவது பழைய செலவில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மூன்றில் இரண்டு பங்கு வேலை, மூன்றில் ஒரு பங்கு மின்சாரம். இதைவிட மலிவான பேரம் தேக்கா சந்தையில்கூடக் கிடைக்காது. மடிக்கணினிச் சில்லு செய்கிற எல்லோரும் இந்தப் பேரத்தைத்தான் ஆளுக்கொரு விதமாக அடிக்கிறார்கள்.

இரண்டாவது கசிவு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும் டிரான்சிஸ்டர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற ஒழுகலும் கூடும். இதற்கு ஒரே மருந்து, அந்தப் பகுதிக்கு வரும் மின்சாரத்தையே துண்டிப்பது. "ஆளில்லாத ரூம்ல எதுக்கு விளக்கு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாரே, அதேதான். எந்த அறைக்குத் தனிச் சுவிட்சு இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் அணைக்கிறார்கள், கூடத்து விளக்கை அணைக்காமல் படுக்கையறை விளக்கை மட்டும் அணைக்க முடியுமா என்பதில்தான் இந்த நால்வருக்கும் வித்தியாசம்.

இன்டெல்: பக்கத்தில் ஒரு சின்ன அறை

258வி-யின் குடும்பப் பெயர் லூனார் லேக். 2024 செப்டம்பரில் வந்தது. இன்டெல்லுக்கே இது கொஞ்சம் வினோதமான பிள்ளை. கணக்கிடும் பகுதியைத் தன் ஆலையில் செய்யாமல் தைவானின் டிஎஸ்எம்சியிடம் 3 நானோமீட்டர் முறையில் செய்து வாங்கியது. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் வித்தையை இருபதாண்டுக்கு மேல் பெருமையாகச் சொல்லிவந்த நிறுவனம், இதில் அதைக் கழற்றி வைத்துவிட்டது. பெரிய கோர் 4, சிறிய கோர் 4, மொத்தம் 8 இழை, அதாவது ஒரே நேரத்தில் 8 வேலைவரிசை. அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம், அந்த 4 சிறிய கோர்களை எங்கே வைத்தார்கள் என்பது. பழைய இன்டெல் சில்லுகளில் பெரியதும் சிறியதும் ஒரே வளையப் பாதையில், ஒரே பெரிய கேஷை (கோருக்குக் கையருகே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) பகிர்ந்துகொண்டு இருந்தன. ஒரு சின்னக் கோர் விழித்தாலும் வளையம் முழுவதும் விழிக்கும். ஒருத்தர் தண்ணீர் குடிக்க எழுந்ததற்குக் கூடத்து விளக்கெல்லாம் எரிவதுபோல. லூனார் லேக்கில் பெரிய கோர்களுக்கு 12 மெகாபைட் கேஷுடன் தனி வீடு. சிறிய நான்கும் 4 மெகாபைட் சொந்தக் கேஷுடன் பக்கத்து அறையில் தனியே இருக்கின்றன. இணையம் பார்ப்பது, காணொளி ஓடுவது எல்லாம் அந்தச் சின்ன அறையிலேயே முடிந்துவிடும். பெரிய வீடு இருட்டாகவே கிடக்கும். ரேமுக்குப் போகும் வழியில் எல்லோருக்கும் பொதுவாக இன்னுமொரு 8 மெகாபைட் கேஷ் வைத்திருக்கிறார்கள். அதில் கிடைத்துவிட்டால் ரேமை எழுப்ப வேண்டியதில்லை. அந்தச் சின்னக் கோர்களும் பழைய சின்னக் கோர்கள் இல்லை. வேலை கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

ரேமையும் சில்லோடு ஒரே பொதியில் ஒட்டிவிட்டார்கள். கம்பி குட்டையானால் அதில் சமிக்ஞையைத் தள்ளும் செலவும் குறையும். அந்தத் தள்ளும் செலவில் 40 விழுக்காடு வரை மிச்சம் என்பது இன்டெல்லின் கணக்கு. இதற்கு விலை உண்டு: 16 ஜிபி அல்லது 32 ஜிபி, வாங்கும்போது எதுவோ சாகும்வரை அதுதான். பெயரின் கடைசி எண்ணைப் பாருங்கள். 226, 256 என்று 6-ல் முடிந்தால் 16 ஜிபி. 228, 258 என்று 8-ல் முடிந்தால் 32. இது தெரிந்தால் கடையில் ஒரு கேள்வி மிச்சம். அடுத்து வந்த பாந்தர் லேக்கில் ரேமை மறுபடியும் வெளியே வைத்துவிட்டார்கள். செலவு கட்டவில்லை போலிருக்கிறது.

குறை என்ன? 8 இழை என்பது 8 இழைதான். காணொளி வெட்டி ஒட்டி ஏற்றுமதி செய்வது, பெரிய நிரலைத் தொகுப்பது மாதிரி எல்லாக் கோரையும் ஒருசேர ஓட்டும் வேலையில் இது பின்தங்கும். அடிப்படை 17 வாட், உச்சம் 37 வாட் என்று இன்டெல் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எத்தனை வாட்டில் எத்தனை நேரம் ஓடலாம் என்று முடிவு செய்வது மடிக்கணினியைச் செய்த நிறுவனம். அதே 258வி மெல்லிய பெட்டியில் ஒரு மாதிரியும் கொஞ்சம் தடித்த பெட்டியில் வேறு மாதிரியும் ஓடும். சில்லின் பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஏஎம்டி: ஒரே கைமணம், சின்னச் சட்டி

ரைசன் ஏஐ 7 350-இல் 4 ஜென் 5 கோர், 4 ஜென் 5சி கோர். ஜென் என்பது ஏஎம்டி தன் கோர் வடிவத்துக்கு வைத்த பெயர். இன்டெல்லின் பெரியதும் சிறியதும் வெவ்வேறு ஆள் வரைந்த வெவ்வேறு வடிவங்கள். ஏஎம்டியில் அப்படி இல்லை. 5சி என்பது ஜென் 5-வேதான். அதே கட்டளைகள், அதே உள்கட்டமைப்பு, டிரான்சிஸ்டர்களை மட்டும் நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். இடம் குறைவு, எட்டக்கூடிய உச்ச வேகமும் குறைவு. பாட்டி பெரிய சட்டியில் வைத்த அதே மீன்குழம்பைச் சின்னச் சட்டியிலும் வைத்தது மாதிரி. ருசி மாறாது, அளவுதான் மாறும். எந்த வேலையை எந்தக் கோருக்கு அனுப்புவது என்பதில் விண்டோஸ் தவறினாலும் பெரிய நட்டமில்லை.

இரட்டை இழை வித்தையை இவர்கள் விடவில்லை. 8 கோர், 16 இழை. வழக்கமான அளவு 28 வாட், செய்கிற நிறுவனம் 15 முதல் 54 வரை வைத்துக்கொள்ளலாம். விசிறியும் இடமும் கொடுத்து ஓடவிட்டால், எல்லாக் கோரும் வியர்க்கும் வேலையில் 258வி-யைத் தாண்டிவிடும். அப்புறம் இன்னொன்று, என் மாதிரி பழைய ஆட்களுக்கு இனிக்கும் சேதி: இது சாதாரண டிடிஆர்5 ரேமையும் ஏற்கும். அதனால் ரேமைக் கழற்றி மாட்டக்கூடிய மடிக்கணினிகள் இந்தச் சில்லில் கிடைக்கின்றன. இன்றைக்கு 16 ஜிபி, இரண்டாம் ஆண்டில் கையில் காசு சேர்ந்தால் 32. வாங்குமுன் அந்த மாடலில் ரேம் மாட்டும் இடம் இருக்கிறதா, பற்றவைத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். சில்லு இடம் கொடுத்தாலும் பெட்டி கொடுக்காமல் போகலாம்.

சும்மா இருப்பதில்? மோசமில்லை. இன்டெல்லின் அந்தத் தனி அறை மாதிரி ஏற்பாடு இதில் இல்லை என்பதால் இலேசான வேலையில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பது நான் கையில் வைத்துப் பழகிய அனுபவம். நாள் முடிவில் ஒன்றிரண்டு மணி நேரம் வித்தியாசம் வரலாம். நூலகத்தில் மின்செருகி பக்கத்து மேசை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆர்ம் வீட்டுப் பிள்ளைகள்

ஒவ்வொரு சில்லுக்கும் அதற்குப் புரியும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு, அதுதான் அதன் மொழி. ஸ்னாப்டிராகனும் ஆப்பிளும் பேசுவது ஆர்ம் மொழி. ஆர்ம் பிறந்த கதையில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகோர்ன் நிறுவனத்துக்கு முதல் ஆர்ம் சில்லு வந்து சேர்ந்தது. கட்டளைகளை வகுத்தவர் சோஃபி வில்சன், சில்லை வடிவமைத்தவர் ஸ்டீவ் ஃபர்பர். எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்க ஃபர்பர் அளவியை மாட்டினால் சுழி காட்டியது. சில்லோ ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் பலகையில் மின்சாரக் கம்பி இணைக்கப்படவே இல்லை. மற்றச் சில்லுகளிலிருந்து வரும் சமிக்ஞைக் கம்பிகளில் கசிந்துவந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது. மலிவான பிளாஸ்டிக் பொதியில் போடவேண்டும், சூடாகக்கூடாது என்று சிக்கனமாக வரைந்ததன் பலன். நாற்பதாண்டு கழித்தும் அந்தக் குடும்பத்தில் சிக்கனம் போகவில்லை.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலீட்டின் உள்ளே இருப்பது ஓரியன் கோர். அதை வரையத் தொடங்கியது நுவியா என்ற நிறுவனம். 2019-இல் ஆப்பிளிலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் தொடங்கியது. 2021-இல் குவால்காம் 140 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. ஆகவே இந்த இரண்டு சில்லும் ஒருவகையில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்.

எலீட்டில் 12 கோர், 12-ம் ஒரே அளவு. சின்னக் கோர் என்று எதுவும் இல்லை. நான்கு நான்காக மூன்று கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் 12 மெகாபைட் கேஷ். எல்லாம் ஒரே அளவு என்றால் எப்படிச் சிக்கனம்? கோர் அகலமாக இருப்பதால் ஒரு துடிப்பிலேயே நிறைய வேலை முடிகிறது. வேகத்தை, அதன் வழியே அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்க முடிகிறது. மேலே சொன்ன வர்க்கக் கணக்குதான். செருகியைப் பிடுங்கினாலும் வேகம் பெரிதாக விழுவதில்லை என்பது இதன் சிறப்பு. இன்டெல், ஏஎம்டி பெட்டிகள் பலவற்றில் பேட்டரிக்கு மாறியதும் வேகம் ஒரு படி இறங்கும்.

சில்லு நல்ல சில்லுதான். சிக்கல் சில்லில் இல்லை, மென்பொருளில். பழைய இன்டெல் மொழியில் எழுதிய நிரல்களை விண்டோஸ் 11 பிரிசம் என்ற மொழிபெயர்ப்பாளரை வைத்து ஓட்டுகிறது. பெரும்பாலானவை ஓடும். ஓடாதவை எவை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். சாதனத்தை இயக்கும் டிரைவர்களை மொழிபெயர்க்க முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்கவேண்டும். அலுவலகத்தில் எனக்கு ஆர்ம் மடிக்கணினி ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் பத்தாண்டாக உழைக்கும் லேசர் அச்சுப்பொறி அதைக் கண்டதும் ஊமையாகிவிட்டது. அதைச் செய்தவர்கள் அந்த மாடலுக்கு ஆர்ம் டிரைவர் எழுதவே இல்லை. இப்போது அச்சடிக்கவேண்டியதைக் கைப்பேசிக்கு அனுப்பி, அம்மாவின் பழைய கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து அச்சடிக்கிறேன். உட்லண்ட்ஸ் போக ஜொகூர் சுற்றுவதுபோல.

தமிழ் எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. உள்ளீட்டுக் கருவிகளுக்கும் இதே விதிதான். ஆர்முக்கென்று எழுதாத தட்டச்சு மென்பொருள் ஆர்ம் விண்டோஸில் சரியாக ஒட்டாது. விண்டோஸோடு வரும் தமிழ்99 விசைப்பலகை போதும் என்பவர்களுக்குக் கவலையில்லை. பழைய தட்டச்சு முறைக்குப் பழகி, அதற்கென்று ஏதோ ஒரு காலத்தில் குறுவட்டில் வாங்கிய மென்பொருளை இன்னும் விடாதவர்கள் (எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியப்பா இருக்கிறார்) முதலில் அதன் எதிர்காலத்தை விசாரித்துக்கொள்ளவேண்டும்.

ஆப்பிள் எம்4 பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் சும்மா இருப்பதில் அதுதான் முதல். 4 பெரிய கோர், 6 சிறிய கோர், 3 நானோமீட்டர், 2,800 கோடி டிரான்சிஸ்டர். கணக்குப் போடுவோம். 13 அங்குல எம்4 மேக்புக் ஏரின் பேட்டரி 53.8 வாட்-மணி. இணையம் பார்த்தால் 15 மணி நேரம் வரை வரும் என்கிறது ஆப்பிள். வகுத்தால் சராசரி 3.6 வாட். சில்லு மட்டுமல்ல, திரை, வைஃபை, ரேம் எல்லாம் சேர்த்து. எங்கள் வீட்டுக் கழிவறை விளக்கே 9 வாட். நிறுவனம் சொல்வதில் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தாலும் நல்ல கணக்குதான்.

சில்லும் இயங்குதளமும் ஒரே கூரையின் கீழ் வரைவதுதான் இதன் இரகசியம். அஞ்சல் பார்ப்பது, படங்களை அடுக்குவது, காப்புநகல் எடுப்பது மாதிரிப் பின்னணி வேலை என்று குறித்ததை மேக் ஓஎஸ் சின்னக் கோர்களிடமே விடும். பெரிய கோர் நான்கும் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த வேலைக்காக எழுப்பாது. விண்டோஸும் இதைக் கற்றுக்கொண்டு வருகிறது, ஆனால் ஆயிரம் நிறுவனம் செய்யும் ஆயிரம் விதப் பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லவேண்டிய கட்டாயம் அதற்கு. தமிழுக்கு அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் மேக்கில் உள்ளேயே இருக்கின்றன.

ஆனால் இயந்திரவியல் படிக்கப்போகிறவளுக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருள் வேண்டும். அது விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. மேக்கில் மெய்நிகர் விண்டோஸ் போட்டு, அதுவும் ஆர்ம் விண்டோஸாகப் போட்டு, அதற்குள் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒப்படைக்கவேண்டிய நாளுக்கு முதல் இரவு அந்தச் சாகசம் வேண்டாம் என்றேன். "அப்ப நாலு ரெண்டாயிடுச்சு" என்று பற்றுச்சீட்டில் கோடு போட்டாள். ஸ்னாப்டிராகனும் அதே காரணத்துக்காகப் போனது. கணக்கியலோ ஊடகமோ படிக்கிற பிள்ளையாக இருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

புளோக்குக் கீழே 32 டிகிரி

மேக்புக் ஏரில் விசிறி கிடையாது. சத்தமே இல்லை, தூசி உறிஞ்சாது, அருமை. இணையத்தில் இதை அளந்து எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குளிரான ஊர்க்காரர்கள், இல்லையென்றால் குளிரூட்டிய அறைக்காரர்கள். நம் ஊரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. பிள்ளைகள் குழுவாகப் படிப்பதோ புளோக்கின் கீழ்த்தளத்து மேசையில்.

விசிறி இல்லாத கணினி தன் சூட்டை உடம்பு வழியாகத்தான் விடவேண்டும். உடம்பு 45 டிகிரியைத் தாண்டினால் கை பொறுக்காது என்று வைப்போம். 24 டிகிரி நூலகத்தில் உடம்புக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 21. கீழ்த்தளத்தில் 32 டிகிரியில் வித்தியாசம் 13 மட்டும். வெளியேறும் சூடு ஏறக்குறைய இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. 13-ஐ 21-ஆல் வகுத்தால் 0.62. அதாவது விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் 10 வாட்டைத் தொடர்ந்து தாங்கும் பெட்டி, கீழ்த்தளத்தில் 6 வாட் சொச்சம்தான் தாங்கும். அதற்குமேல் போனால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போதாததற்குச் சூட்டில் கசிவும் கூடும். படிப்பது, எழுதுவதற்கு 3.6 வாட் என்றால் இதெல்லாம் தெரியவே தெரியாது. நீளமான காணொளி ஏற்றுமதி, மணிக்கணக்கில் உருவகக் கணிப்பு என்றால் தெரியும். விசிறி உள்ள பெட்டிக்கும் இதே கணக்குதான், ஆனால் காற்றைத் தள்ளுவதால் சமாளித்துக்கொள்ளும். கொஞ்சம் இரையும், அவ்வளவுதான்.

விசிறியின் வாய் எங்கே என்று பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் வாய் வைத்த பெட்டியை மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பது, ஓடுகிறவன் மூக்கைப் பொத்துவதுபோல.

டாப்ஸுக்கு வருகிறேன், கடைக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஒரு விநாடியில் எத்தனை இலட்சம் கோடிச் சின்னக் கணக்குகளை சில்லில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுப் பகுதி போடும் என்பதே டாப்ஸ். 258வி 47, எலீட் 45, ரைசன் 50, எம்4 38. மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் முத்திரைக்குக் குறைந்தது 40 கேட்டதால்தான் விண்டோஸ்காரர்கள் மூவரும் அதைச் சற்றே தாண்டி நிற்கிறார்கள். காணொளிக் கூட்டத்தில் பின்புலத்தை மங்கலாக்கவும் நேரடி வசன வரிகளுக்கும் உதவும். அந்த வேலையைப் பெரிய கோர் செய்வதைவிடக் குறைந்த மின்சாரத்தில் செய்யும் என்பது உண்மையான நன்மை. 45-க்கும் 50-க்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த வரிசையில் சேராத ஒன்றைப் பற்றி அவளே கேட்டாள்: "உங்க வீட்ல டிவிக்குப் பின்னாடி ஒட்டி வச்சிருக்கீங்களே, அது?" அது இன்டெல் என்100. 2023-இல் வந்தது, 4 சின்னக் கோர் மட்டும், 6 வாட். அம்மா தமிழ் நாடகம் பார்க்கவும் குடும்பப் படங்களைச் சேமிக்கவும் இரவு பகலாக ஓடுகிறது. சராசரி 8 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 70 யூனிட், நம் கட்டணத்தில் சுமார் 20 வெள்ளி. அந்த வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ரேமுக்கு ஒற்றைப் பாதைதான். அதே சில்லைப் போட்ட மலிவு மடிக்கணினியை "இன்டெல், புதுசு" என்று மாணவர்களுக்கு விற்கிறார்கள். உலாவியில் இருபது பக்கம் திறந்து சாலிட்வொர்க்ஸையும் தட்டினால் கண்ணீர் வரும்.

மூடி வைத்தால் தூங்குமா?

எனக்கு ஒருமுறை நடந்தது. காலையில் மூடி பையில் போட்ட மடிக்கணினி, ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் போய் இறங்குவதற்குள் இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. பேட்டரி பாதி காலி. இன்றைய விண்டோஸ் கணினிகள் மூடியதும் முழுதாகத் தூங்குவதில்லை. கைப்பேசியைப்போல ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அரைத்தூக்கம் போடுகின்றன. ஏதோ ஒன்று தட்டி எழுப்பினால் பைக்குள்ளேயே விழித்து வேலை பார்க்கும். ஆர்ம்காரர்கள் இதில் நல்ல பேர் வாங்கியிருக்கிறார்கள். லூனார் லேக் அவர்களை நெருங்கிவிட்டது. ஏஎம்டியில் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது.

அதனால் நான் எந்த மடிக்கணினிக்கும் வைக்கும் முதல் பரீட்சை இது: இரவு படுக்குமுன் பேட்டரி எண்ணைக் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள். காலையில் திறந்து பாருங்கள். ஓர் இரவுக்கு இரண்டு மூன்று விழுக்காடு போனால் சரி. பத்து போனால் யாரோ உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மிஞ்சிய இரண்டில் நான் ரைசன் பக்கம்தான் சாய்ந்தேன். ரேம் மாற்றலாம், இழை கூடுதல், விலையும் கொஞ்சம் இறங்கும். அவள் வேறு கணக்குப் போட்டாள். திருத்தித் திருத்தி வரையும் வேலையில் சாலிட்வொர்க்ஸ் பெரும்பாலும் ஒரே கோரைத்தான் நம்பியிருக்கிறது, 16 இழை அங்கே சும்மா நிற்கும் என்று எங்கோ படித்து வந்திருந்தாள். உண்மைதான். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக வர இரண்டு மணி நேரம், செருகியைச் சுமக்க மனமில்லை. அடுத்த தலைமுறை வந்துவிட்டதால் ஃபுனானில் ஒரு கடையில் 258வி பெட்டி விலை இறங்கிக் கிடந்தது. 32 ஜிபி. வாங்கிவிட்டோம். அக்கா விலையைக் கேட்டுவிட்டு, "இதுல சோறும் ஆக்குமா?" என்றார்.

முதல் இரவு 82, காலையில் 80. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் இரவு 91-இல் மூடியது, காலையில் 66. குறுஞ்செய்தியில் அழுகிற முகம் நான்கு அனுப்பியிருந்தாள். சில்லைப் பற்றி இவ்வளவு பேசியவன் என்ன பதில் சொல்வது? விண்டோஸில் ஸ்லீப் ஸ்டடி என்று ஓர் அறிக்கை இருக்கிறது, தூக்கத்தில் யார் எழுப்பினார்கள் என்று நேரம் குறித்துச் சொல்லும், எடுத்துப் பார் என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"மவுஸோட குட்டி டாங்கிள் மாமா. யுஎஸ்பியிலயே குத்தி வச்சிருந்தேன். புடுங்கிட்டேன்."